தரம் பிரித்தபின் மிஞ்சும் காயை யார் வாங்குவது?

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தில் தக்காளி, வெண்டை, கத்தரி பயிரிடும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 12 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சங்கிலிக் கடை நிறுவனம் கொள்முதல் மையம் திறந்திருக்கிறது, மண்டி விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறார்கள், உறவிலும் அக்கம்பக்கத்திலுமாக 11 குடும்பங்கள் சேர்ந்து கமிஷன் மண்டியை விட்டுவிட்டு அங்கேயே கொடுக்கலாமா, நம்மைப் போன்ற பிற நாடுகளில் சிறு விவசாயிகள் இந்த வழியில் தேறியிருக்கிறார்களா?

கொடுக்கலாம், ஆனால் மண்டியை விட்டுவிடாதீர்கள். அந்த மையம் உங்கள் காயில் எத்தனை சதவீதத்தைக் கழிக்கிறது என்பதையும், பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளாத வரை அந்த இரண்டு ரூபாய்க்கு ஒரு பொருளும் இல்லை. விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கொள்முதல் கணக்கைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பெரிய கடைகள் எதை விலைக்கு வாங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் 1990 அளவில் உணவுச் சில்லறை விற்பனையில் 10 முதல் 20 சதவீதமே சூப்பர் மார்க்கெட்டுகளின் கையில் இருந்தது. பத்தே ஆண்டுகளில் அது 50 முதல் 60 சதவீதமாகிவிட்டது என்று தாமஸ் ரியர்டன், ஹூலியோ பெர்தெகே ஆகிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த அலை மெக்சிகோ, தென்கிழக்கு ஆசியா, சீனா, கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா என்று அடுத்தடுத்துப் பரவியபோது கடைகளின் எண்ணிக்கையோடு கொள்முதல் முறையும் சேர்ந்து மாறியது. ஒவ்வொரு கிளையும் காலையில் பக்கத்துச் சந்தைக்கு ஆளனுப்பிக் காய் வாங்கிய காலம் போய், ஒரே கிடங்கில் வாங்கிப் பிரித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பும் ஏற்பாடு வந்தது. கிடங்கின் மேலாளருக்குத் தேவைப்படுவது காயைவிட நிச்சயம்தான்: திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பருமன், குறித்த நேரத்தில் லாரி. அந்த நிச்சயத்தை இரண்டரை ஏக்கர்க்காரர் தனியாகத் தருவது கடினம் என்பதிலிருந்துதான் மற்ற எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்பதால், இது உங்கள் 11 குடும்பங்களுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் இண்டென்ட், அதாவது மறுநாள் தேவைப் பட்டியல், வரும்: தக்காளி இவ்வளவு, வெண்டை இவ்வளவு. விலை காலையில், பக்கத்து மண்டியின் அன்றைய விலையை வைத்துத் தீர்மானிக்கப்படும். ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் இருக்காது. இண்டென்ட் கொடுத்த அளவை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் இல்லை. இருவருக்கும் சமமான சுதந்திரம் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், அவர்கள் வேண்டாம் என்று சொன்ன மறுநிமிடம் காய் கெடத் தொடங்குவது உங்கள் பக்கம்தான்.

இதற்கு வெண்டைக்காயை விடச் சிறந்த உதாரணம் இல்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர், 50 வயதைத் தாண்டிய அம்மா, விடியுமுன் பறித்த 46 கிலோ வெண்டையை ஈரச் சாக்கில் கட்டி ஒரு மையத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்த தரம் பார்க்கும் பையன் ஒரு காயை எடுத்து, நம் வீட்டுப் பெண்கள் கடையில் செய்வதைப் போலவே, நுனியை ஒடித்துப் பார்த்தான், ஒடிந்தது. அதை ஏற்றுக்கொண்டு, நீளம் கூடியவை, வளைந்தவை, காம்பு கறுத்தவை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினான். கடைசியில் 19 கிலோ டிரேக்குப் போனது. 27 கிலோ சாக்குக்கே திரும்பியது. அன்று இண்டென்ட் குறைந்துவிட்டது என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். தேவை குறையும் நாளில் தரம் பார்க்கும் கண் கூர்மையாகிவிடுகிறது, தேவை கூடும் நாளில் அதே வளைந்த காய் நிமிர்ந்துவிடுகிறது. அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கு மேலே ஒருவர் அளவைக் குறைக்கச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மா 27 கிலோவோடு மண்டிக்குப் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருந்தது. நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று வெண்டையைச் செடியில் விட்டுவைக்கவும் முடியாது. ஒரு நாள் தவறினால் முற்றிவிடும், முற்றிய காய் அடுத்த பிஞ்சையும் பிடிக்க விடாது.

இப்போது உங்கள் இரண்டு ரூபாயைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 100 கிலோ தக்காளி, மண்டியில் கலப்பாகக் கிலோ 20 ரூபாய். 2,000 ரூபாயில் கமிஷன் 10 சதவீதம் 200, வண்டி வாடகையும் சுமைக்கூலியும் 150 போக, கையில் 1,650 நிற்கும். மையத்தில் கிலோ 22 ரூபாய். ஆனால் 60 கிலோதான் எடுத்தார்கள் என்றால் அதற்கு 1,320. மீதி 40 கிலோவை மண்டிக்குக் கொண்டுபோனால் 20 ரூபாய் கிடைக்காது, ஏனெனில் சாக்கின் முகத்துக்கு அழகு சேர்த்த காய்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். 12 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், கமிஷன் போக 432. கூட்டினால் 1,752. இரண்டு இடத்துக்கு வண்டி 160, வீட்டில் தரம் பிரிக்கும் கூலி 60 கழித்தால் 1,532. மண்டியில் கொடுத்ததைவிட 118 ரூபாய் நட்டம். அதே மையம் 80 கிலோ எடுத்தால் கையில் 1,756 நிற்கும், 106 ரூபாய் ஆதாயம். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 70 கிலோதான் எல்லைக்கோடு. கூடுதல் விலை என்று அவர்கள் சொல்லும் தொகை தரமான காய்க்கு மட்டும் உரியது. உங்கள் செடி தரமான காயை மட்டும் காய்ப்பதில்லை.

கமிஷன் மண்டிக்காரரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 'இடைத்தரகரை ஒழிப்போம்' என்று மேடையில் பேசுவது எளிது. அவர் எடையில் கழிவு பிடிக்கிறார், ஏலத்தில் விலையை அடக்குகிறார், முன்பணம் வாங்கியவனை வேறு கடைக்குப் போக விடுவதில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் நான்கு வேலைகளைச் செய்கிறார்: நல்லது கெட்டது எல்லாவற்றையும் வாங்குகிறார், எந்த நாளும் வாங்குகிறார், அன்றே பணம் தருகிறார், விதைக்கும் மகள் கல்யாணத்துக்கும் கடன் தருகிறார். சங்கிலிக் கடை இந்த நான்கில் முதல் வேலையின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மீதியை யார் செய்வது என்பதற்கு விடை இல்லாமல் அவரை விட்டுவிட்டு வந்தவர்கள், ஒரு தை மாத வரத்துப் பெருக்கத்தில் மறுபடியும் அதே கடை வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது பேரம் பேசும் நிலையில் அவர்கள் இல்லை.

பிற நாடுகளின் அனுபவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. நிகராகுவாவில் வால்மார்ட்டுக்கும் உள்நாட்டுச் சங்கிலிக்கும் காய்கறி கொடுத்த சிறு விவசாயிகளை ஹோப் மிச்செல்சன் முதலான ஆய்வாளர்கள் பல ஆண்டு விலைத் தரவுகளோடு ஆராய்ந்தார்கள். வால்மார்ட் தந்த சராசரி விலை உள்ளூர்ச் சந்தை விலையைவிடக் குறைவு, ஆனால் ஏற்ற இறக்கமும் குறைவு. அதாவது விலை நிலையாக இருப்பதற்காக விவசாயிகள் ஒரு வகைக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தினார்கள், அந்தக் கட்டணம் அதிகம் என்பதே ஆய்வின் முடிவு. அதே நாட்டில் யார் உள்ளே நுழைய முடிந்தது என்று பார்த்தபோது, ஆண்டு முழுவதும் பாசன நீர் வைத்திருந்தவர்களும் முதன்மைச் சாலைக்கு அருகில் இருந்தவர்களுமே பெரும்பாலும் சேர்ந்திருந்தார்கள். எங்கள் உறுப்பினர்களிலும் கோடையில் கிணறு வற்றாதவர்களே தொடர்ந்து கொடுத்தார்கள்; சித்திரையில் இரண்டு வாரம் காணாமல் போனவரின் இடத்தில் வைகாசியில் வேறொருவர் நின்றார்.

கென்யாவின் கதை அதைவிடப் பாடம் நிறைந்தது. நைரோபியை ஒட்டிய கியாம்பு பகுதியில் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கீரை கொடுத்த குடும்பங்களை எலிசாபான் ராவ், மார்ட்டின் காயிம் ஆகியோர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், அவ்வாறு கொடுத்ததால் குடும்ப வருமானம் சராசரியாக 48 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பல நாடுகளின் திட்ட அறிக்கைகளுக்கு இந்த எண் நல்ல தீனியானது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே பகுதிக்குத் திரும்பிப் போன ஆய்வு, கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் விலகிவிட்டதையும், பழைய சந்தைக்குத் திரும்பியவர்களால் அந்த வருமானத்தைத் தக்கவைக்க முடியவில்லை என்பதையும் கண்டது. தொண்டு நிறுவனத்தின் துணை பலரை உள்ளே கொண்டுவந்திருந்தது. வெளித்துணை நீண்ட காலம் நிற்கும்படி வகுக்கப்பட வேண்டும், பொய்யான எதிர்பார்ப்பை வளர்க்கக் கூடாது என்று அந்த ஆய்வே எச்சரித்தது. நம் ஊரிலும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு மானியத்தில் வந்த தலைமைச் செயல் அலுவலரின் சம்பளம் நிற்கும் மாதத்தில்தான் உண்மையான கணக்கு தொடங்குகிறது.

நன்றாக நடந்த இடங்களும் உண்டு. மடகாஸ்கரில் ஏறத்தாழ 10,000 சிறு விவசாயிகள் ஐரோப்பியக் கடைகளுக்குப் பீன்ஸ் கொடுத்தார்கள். கொள்முதல் நிறுவனமே விதையும் உரமும் கடனாகத் தந்து, களப்பணியாளர்களை வயலுக்கு அனுப்பி, மட்கு உரம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த மட்கு பிறகு அவர்களுடைய நெல் விளைச்சலையும் கூட்டியது, பஞ்ச மாதங்கள் குறைந்தன. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் தோஹோயாண்டு என்ற ஊரிலிருந்த ஸ்பார் கடை பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு வட்டியில்லாக் கடனும் உறுதியான கொள்முதலும் தந்தது. மற்றச் சங்கிலிகள் தொலைவிலுள்ள மையக் கிடங்கிலிருந்து காய் இறக்கியபோது இந்தக் கடையால் மட்டும் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளியது: ஸ்பார் உரிமம் பெற்று நடத்தும் கடை முறை, யாரிடம் வாங்குவது என்பதைக் கடை முதலாளியே தீர்மானிக்கலாம். இந்த நுணுக்கம் உங்களுக்குப் பயன்படும். தலைமை அலுவலகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கும் பெரிய சங்கிலியைவிட, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ நான்கைந்து கிளைகள் நடத்தும் பழமுதிர் கடைக்காரர், முடிவெடுப்பவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால், நல்ல வாடிக்கையாளராக அமையக்கூடும்.

பணம் வரும் நாளைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். நாங்கள் கொடுத்த ஒரு நிறுவனம் முதல் மாதம் ஏழாம் நாள் பணம் போட்டது. மூன்றாம் மாதம் அது 15 நாளானது. பிறகு நாங்களே நினைவூட்ட வேண்டியதாயிற்று. விவசாயிக்கு அந்தப் பதினைந்து நாளுக்கு நாங்கள் வங்கிக் கடன் எடுத்துக் கொடுத்தோம், அந்த வட்டியே கிலோவுக்கு வந்த ஆதாயத்தைத் தின்றது. இதைவிட மோசமாகவும் நடக்கலாம். 1997இல் சென்னையில் தொடங்கி நாடெங்கும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்த சுபிக்ஷா 2009இல் மூடப்பட்டபோது சரக்குக் கொடுத்தவர்கள் பலருக்குப் பணம் வரவில்லை. கென்யாவின் மிகப் பெரிய சங்கிலியாக இருந்த நாக்குமாட் 2017இல் நொடித்தபோது வழங்குநர்களுக்குப் பல நூறு கோடி ஷில்லிங் பாக்கி நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த வணிக நடைமுறை நெறிமுறை, கெட்டுப்போகும் உணவுப் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. இங்கே 2020ஆம் ஆண்டின் வேளாண் வணிகச் சட்டத்தில் அன்றே அல்லது மூன்று வேலை நாட்களுக்குள் பணம் என்ற விதி இருந்தது. மற்றக் காரணங்களுக்காக எழுந்த பெரும் போராட்டத்தின் பின் அந்தச் சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டபோது அந்த விதியும் சேர்ந்தே போயிற்று. தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தவருக்குத்தான் அது கைகொடுக்கும், வாட்ஸ்அப் இண்டென்ட்டுக்கு அல்ல.

உங்கள் 11 குடும்பங்கள் பற்றி: உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கச் சட்டப்படி 10 உற்பத்தியாளர்கள் போதும். ஆனால் தணிக்கை, ஆண்டுக் கணக்குத் தாக்கல், பொதுக்குழு என்ற செலவுகளை 11 பேரின் காய் தாங்காது. 2020இல் மத்திய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தின் உதவி பெறவும் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். எனவே புதிதாகப் பதிவு செய்ய அவசரப்படாமல், ஏற்கெனவே உள்ள ஒரு நிறுவனத்தில் சேருவதையோ, பதிவில்லாத குழுவாக ஓராண்டு நடத்திப் பார்ப்பதையோ யோசியுங்கள். குழுவின் உண்மையான பயன் பேரம் பேசுவதைவிட நடவைப் பங்கிடுவதில் இருக்கிறது. 11 பேரும் ஒரே வாரத்தில் தக்காளி நட்டால் ஒரே வாரத்தில் குவியும். பத்து நாள் இடைவெளியில் மூன்று மூன்று பேராக நட்டால், மையம் கேட்கும் ஒரே சீரான அளவைத் தர முடியும். ஒருவர் வயலில் புழு விழுந்தால் மற்றவர் ஈடு செய்யலாம். இதற்கு உட்பூசல் வரும் என்பதையும் மறைக்கவில்லை: விலை ஏறும் வாரத்தில் யாருடைய காய் வருகிறதோ அவர் மேல் மற்றவர்களுக்குக் கண் விழும். முதல் நட்பு முறிவதும் அங்கேதான்.

ஒட்டன்சத்திரத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்தச் சந்தையின் காய்களில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. ஓணத்தை ஒட்டிய நாட்களில் மண்டி விலை எந்தக் கொள்முதல் மையமும் எட்ட முடியாத அளவுக்கு ஏறும். அந்த நாட்களிலும் மையத்துக்கு ஒரு பங்கைத் தவறாமல் கொடுங்கள். கொடுத்தால், வரத்துப் பெருகி மண்டி விலை சரியும் நாளில் உங்கள் டிரேக்களை முதலில் இறக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும்; காகிதத்தில் இல்லாத அந்த உரிமையை மையத்து ஊழியர்கள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு மையத்துக்கு, மீதி மண்டிக்கு என்று தொடங்குவது என் பரிந்துரை. கழித்த காய்களுக்கு மூன்றாவது வாசலாக, குடும்பத்துக்கு ஒருவர் முறைவைத்துத் திண்டுக்கல் அல்லது பழனி உழவர் சந்தைக்குப் போகலாம். உழவர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வளைந்த வெண்டையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

மையத்துக்கு முதல் வண்டி அனுப்பும் முன், அங்கே ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய கடந்த மாதச் சீட்டுகளைக் கேளுங்கள். கொண்டுபோன எடை, எடுத்த எடை, பணம் வந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கழிவுச் சதவீதத்தைக் கணக்கிட்டால், உங்களுக்குத் தேவையான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். சீட்டே தருவதில்லை என்று அவர்கள் சொன்னால் மீதிப் பாதியும் கிடைத்துவிட்டது.